மாப்பிள்ளை வண்டியின் டேங்க்

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் அம்மாவும் வழக்கம்போல ஒருவர் உயிரை ஒருவர் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் எப்படி? போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நீ கூடத்தில் நின்றுகொண்டு "ம்... சரி... அப்புறம்" என்று மட்டும் சொல்கிறாய். அதற்கு நான் சுவரோடு பேசிக்கொள்வேன்.

நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னறையில் கம்ப்ரஸர் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னறையில் அம்மா. நடுவில் ஒரு கதவு, அதன்மேல் நனைத்த போர்வை. மோட்டார் சைக்கிள் டேங்க், மட்கார்டு, பக்க மூடிகள் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்து, பட்டி போட்டு, பிரைமர், அப்புறம் கலர், கடைசியாகக் கிளியர். கிளியர் என்றால் நிறமே இல்லாத மேல்பூச்சு. பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. கை பழகாதவன் அடித்தால் வழியும், இல்லாவிட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று நிற்கும். என் கைக்குக் கண்ணாடியாக வருகிறது என்று தெருமுனை மெக்கானிக்கே சொல்கிறார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். கிளியருக்குக் காற்று ஆகாது. ஈரமாக இருக்கும்போது ஒரு தூசி விழுந்தாலும் போச்சு, தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதனால் வீடு முழுக்க ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கிறேன். அம்மா புழுங்கிப்போகிறாள். கிளியர் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னர் நெடி வேறு. கொஞ்ச நாளாக இருமுகிறாள். தன் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை ஜூலைக் கடைசியில் காலியாகும், அதை எனக்கே தருகிறேன் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 2

என் செல்லத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் முத்தங்கள். இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. வீட்டைப் பெரிதாகக் கட்டியதுதான் கட்டினோம், கூட்டித் துடைப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது.

நீ சொந்தமாகத் தொழில் தொடங்கியதை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சின்ன வயதில் என் தலைமயிர் ரிப்பனுக்கெல்லாம் மை அடித்து நாசம் செய்தவன் நீ. அந்தக் கைக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நெடியை நீ மூக்கில் ஏற்றிக்கொள்ளாதே. வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று விசாரித்து வாங்கித் தனியாக அனுப்பியிருக்கிறேன். தவறாமல் போட்டுக்கொள்.

அம்மாவுக்கு வெந்நீர் கொடு. சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கச் சொல். வயதானால் இருமல் வரத்தான் செய்யும். போன தடவை இங்கே வந்தபோது என் சமையலறை அலமாரிகளையெல்லாம் பிரித்துத் தன் இஷ்டப்படி அடுக்கிவிட்டுப் போனாள். இரண்டு டப்பாக்கள் எனக்கு இன்னும் அகப்படவில்லை. நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை.

முகமூடி வந்தது. நல்ல சாமான், போட்டுக்கொண்டால் நெடியே தெரியவில்லை. ஒன்றுதான் வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உனக்கென்று தேடி வாங்கியிருக்கிறாள் பார் என்று பூரித்துப்போனாள். தனக்கு ஒன்று வரவில்லையே என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. எனக்கு எட்டியது.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று என்னைத்தான் விசாரித்தார். சொன்னேன். அந்த ஹார்ட்னர் நெடி ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சை அடைத்துவிடுமாம். இது மருந்தில் தீருகிற இருமல் இல்லை, ஒன்று நான் வேலையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அம்மா அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலையை நிறுத்தினால் இரண்டு பேரும் காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன் அக்கா. கொட்டகை கைக்கு வரும்வரை அம்மா உன்னிடம் இருக்கட்டும். நானே கொண்டுவந்து விடுகிறேன், நானே வந்து கூட்டிப்போகிறேன். அத்தானிடம் நேராகக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. "பொண்ணு குடுத்த எடத்துல நாமளா போய்க் கேக்கக் கூடாதுடா. அவ வாயால மாப்பிள்ளைகிட்ட வரணும். அவரா கூப்பிடணும்" என்று சட்டம் பேசுகிறாள். நான் மீறிக் கேட்டால் வரவே மாட்டேன் என்கிறாள். நீ அத்தானிடம் சொல். அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டால் மறுநாளே வண்டி ஏறிவிடுவோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


மார்ச் 24

ஆசைத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்குப் பரீட்சை, பெரியவனுக்கு அம்மை மாதிரி ஏதோ வந்து போனது. பேனாவை எடுக்க நேரமில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். பெற்றவளை வைத்துக்கொள்ள எனக்குக் கசக்குமா? ஆனால் உன் அத்தான் சுபாவம் உனக்குத் தெரியாததா? வீட்டில் ஒரு ஆள் கூடினாலும் முகம் மாறிவிடும். இது வருஷக் கணக்கு முடிக்கிற மாதம், ஆபீசிலிருந்து வரும்போதே சிடுசிடுவென்று வருகிறார். நேரம் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவரிடம் எதுவும் பேசிவிடாதே. என் பாடு திண்டாட்டமாகிவிடும்.

அதுவரை கதவுக்கு இன்னொரு போர்வை போடு.

உன் அக்கா


ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே, கண்ணாடி மாற்ற வேண்டும்.

தம்பி உனக்கு என்னென்னவோ எழுதியிருப்பான் போல. அவனுக்கு எதையும் ஊதிப் பெரிதாக்கித்தான் சொல்லத் தெரியும். அந்த நெடி எனக்குப் பழகிவிட்டது. இருமலும் முன்மாதிரி இல்லை. நீ எனக்காக மாப்பிள்ளையிடம் எதையும் கேட்டு அங்கே சங்கடப்படாதே. உன் குடும்பம் நல்லபடியாக நடந்தால் எனக்கு அது போதும்.

உன் வீட்டில் ஜன்னலெல்லாம் பெரிது பெரிதாக வைத்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காற்று நன்றாக வரும். நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் குதிப்பான்.

அம்மா


ஏப்ரல் 9

என் தங்கத் தம்பிக்கு,

நலம்தானே? இந்த முறை உடனே எழுதுகிறேன் பார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அம்மாவே தன் கைப்பட எழுதியிருக்கிறாள், நன்றாக இருக்கிறேன், இருமல் குறைந்துவிட்டது, நெடி பழகிவிட்டது என்று. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். எனக்கும் உனக்கும் என்ன ஒளிவுமறைவு?

நீதான் பயந்த சுபாவம். டாக்டர்கள் எல்லாவற்றையும் பயமுறுத்தித்தான் சொல்வார்கள். இப்போது அவசரப்பட்டு அத்தானிடம் பேசி அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலைமை இல்லையே, அதுவே நிம்மதி.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

இங்கே நலம் இல்லை. அதனால் அந்த வரியை எழுதவில்லை.

அம்மா என்றைக்காவது உன்னிடம் "எனக்கு முடியலை" என்று சொன்னது உண்டா? உன் பிரசவத்துக்குக் காய்ச்சலோடு வந்து நின்றாளே, அன்றைக்கும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவள் நாலு வரி எழுதினால் அதை நீ டாக்டர் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறாய். உனக்கு வசதியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாய். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. நீ காட்டிக்கொடுத்தது தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப்போவாள்.

நீ கூப்பிடப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனிமேல் வீட்டில் கிளியர் இல்லை. பட்டி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. கலரும் கிளியரும் வேறொருவன் கடையில் ஏறுகின்றன. துவைப்பது நான், இஸ்திரி போட்டுப் பெயர் வாங்குவது அவன். போகட்டும். தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்தால் நெடியும் இல்லை, தூசியும் இல்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். அம்மா நேற்றுத் தானாகப் படியிறங்கி, கீழ் வீட்டுத் தையற்காரம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். ஏறும்போது நடுவில் நின்று நின்று ஏறினாள், ஆனால் ஏறிவிட்டாள். வந்ததும் என் சட்டைக் காலரைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினாள். அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

இந்தப் பாதிப் பிழைப்பில் ரொம்ப நாள் தள்ள முடியாது. அத்தானிடம் சொன்னாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தம்பி


ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

கோபம் தணிந்ததா? அம்மா எப்படி இருக்கிறாள்? இங்கே வெயில் வாட்டி எடுக்கிறது.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. அத்தான் காதில் மெல்லப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. இப்போது வீட்டுக்குள்ளே சுவர்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். இந்த நெடியில் அம்மாவைக் கொண்டுவந்து விட்டால் அவளுக்கு ஆகுமா, நீயே சொல்.

இன்னொரு விஷயம். அத்தானுக்குத் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. "உன் தம்பி கை பட்டா புதுசாயிடும்" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். டேங்கையும் இரண்டு பக்க மூடிகளையும் லாரி ஆபீசில் போட்டிருக்கிறோம். கருநீலம் வேண்டுமாம். நீயே உன் கையால் அடித்துக் கொடு, வேறு யாரிடமும் விடாதே. வண்டி நன்றாக வந்து அவர் மனசு குளிர்ந்திருக்கிற நேரத்தில் அம்மா விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

உன் அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பேசுகிறாள், ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. போன் பண்ணத்தான் எழுந்தேன். உன்னைப் பதறவைக்கக் கூடாது, எழுதிப் போட்டால் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டேங்க் வந்ததும் தேய்த்து மட்டும் வைத்துவிட்டு, கலரையும் கிளியரையும் வெளியே அடித்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. மாப்பிள்ளை உன்னைத்தானே கேட்டார், யாரோ அடித்ததை அனுப்பினால் உன் அக்கா அங்கே என்ன பதில் சொல்வாள் என்று பிடித்த பிடியில் நின்றாள். உன் கடிதத்தை நான் இல்லாத நேரத்தில் எடுத்துப் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நீ பேசி முடிப்பதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை. "நல்லா அடிடா. கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றாள். உன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது அக்கா. எனக்கும் ஆசைதான். இல்லாவிட்டால் ஸ்ப்ரே கன்னைத் தொட்டிருக்க மாட்டேன்.

அவளைக் கீழே தையற்காரம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, நீ அனுப்பிய முகமூடியைப் போட்டுக்கொண்டு கிளியர் அடித்தேன். பாதியில் தையற்காரம்மா அவசரமாக வெளியே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அம்மா படியேறி வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி இறங்க மூச்சு இல்லை. என் கதவைத் தட்டவில்லை. ஜன்னலையும் திறக்கவில்லை. கிளியர் ஈரமாக இருக்கும்போது காற்று அசையக் கூடாது என்று நான்தானே அவளுக்குப் பாடம் நடத்தி வைத்திருந்தேன்.

வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், சுவரோரமாகத் தரையில் இருந்தாள். உதடெல்லாம் கருத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "காஞ்சிடுச்சாடா? இனிமே ஜன்னலைத் தொறக்கலாமா?" என்று கேட்டாள்.

அத்தானிடம் சொல். இனிமேல் நேரம் பார்க்காதே.

டேங்க் நன்றாக வந்திருக்கிறது. லாரியில் போட்டுவிடச் சொன்னாள், போட்டுவிட்டேன்.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போனதிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. நாங்கள் வந்து சேர்ந்தபோது முகத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்தது, ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே இருந்த நாட்களில் நீயும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வேலையை நீ முதலிலேயே தலைமுழுகியிருக்கலாம். பெற்றவளைவிடவா பெயிண்ட் பெரிது? வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். நான்தான் உனக்காகப் பரிந்து பேசினேன்.

டேங்கை மாட்டியாகிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் எங்கே அடித்தது என்று கேட்கிறார்கள். பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. கிழித்துப் போட்டுவிடு. நானும் அதைத்தான் செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். சௌக்கியமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, உன் அக்காதான் எல்லோருக்கும் எழுதுவாள். தப்புக் கிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

வண்டியில்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். சிக்னலில் நிற்கும்போது குனிந்தால் டேங்கில் என் முகம் தெரிகிறது. அப்போதெல்லாம் உங்கள் முன்னறை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டை நான் ஒழுங்காகப் பார்த்தேன். அத்தை படுத்த இடத்துக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் ஒரு கதவு, ஒரு போர்வை. அத்தைக்கு அவ்வளவு முடியவில்லை என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. லேசான இருமல், வயசாகிவிட்டது இல்லையா என்றுதான் உன் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முழுசாகத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சும்மா இருப்பாளா?

கேட்கிறேனே என்று வருத்தப்படாதே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்? எங்கள் மாடி அறை வீடு கட்டிய நாளிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஜன்னல். தெரிந்திருந்தால் நானே வந்து அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். என்னை அவ்வளவு வேற்று மனுஷனாகவா நினைத்துவிட்டீர்கள்? உன் அக்காவிடமும் இதைக் கேட்டேன். அழுகிறாள், அவ்வளவுதான். நீயாவது சொல்.

தனியாக அங்கே கிடக்க வேண்டாம். அந்த அறைக்கு நீ வந்துவிடு.

உன் அத்தான்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மெக்கானிக் சொன்ன வாக்குத் தவறாமல் கொட்டகையைக் கொடுத்துவிட்டார். கம்ப்ரஸரை அங்கே மாற்றிவிட்டேன். வீட்டில் இப்போது நெடியில்லை, முன்னறை ஜன்னல்கள் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. யாருக்காகத் திறந்து வைக்கிறேன் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் அறை கொடுப்பதாகச் சொன்னதற்கு நன்றி. நான் வரவில்லை அத்தான். அது எனக்கான அறை இல்லை.

வண்டியைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வெயிலில் நிறுத்த வேண்டாம்.

அம்மா உங்களை வேற்று மனுஷனாக ஒருநாளும் நினைத்ததில்லை. கடைசியாக அவள் கவலைப்பட்டது உங்கள் டேங்கைப் பற்றித்தான். உங்களிடம் கேட்டிருக்கலாம், உண்மைதான். எங்களுக்குத் தோன்றவில்லை. அக்காவிடமும் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லியிருப்பாள். அம்மா என்றால் அவளுக்கு உயிர் என்பது உங்களுக்குத் தெரியாததா?

படித்துவிட்டு இதை அக்காவிடமும் கொடுங்கள்.

மைத்துனன்